நெஞ்சு சுத்தம்

பிப். 3, செவ்வாய். கள்ளக்குறிச்சி.

காலையில் நல்ல பனி. எதிர் வீட்டு மாடி எட்டு மணிக்குத்தான் தெரிந்தது. நாளை மலைக்கு. பை கட்டியாயிற்று: பி.பி. மெஷின், காய்ச்சல் மாத்திரை, சிரங்கு லோஷன், உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள், பஞ்சு, பழைய ஸ்வெட்டர், சின்ன வேதாகமம். பெரியது கனம்.

சபையின் ஊழியப் பயணம். ஐந்து பேர். பாஸ்டர் தேவராஜ் (இனி பா.), பாட்டுக்குக் கல்லூரிப் பெண்கள் இருவர், வேன் ஓட்டும் முருகேசன், நான். முருகேசன் நம் சபை இல்லை, வாடகை வேன்காரர். ஆனால் எல்லாப் பாட்டும் அவருக்கு மனப்பாடம். நான் போவது நர்ஸாக. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது, இன்னும் ஊருக்கெல்லாம் எஸ்தர் சிஸ்டர்.

மனதில் ஒன்று உறுத்துகிறது, இங்கே மட்டும் எழுதலாம். நாளை போகும் இதே மலை ஊருக்குப் போன செப்டம்பரிலும் போனோம். பச்சையம்மாள் என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும். காச நோய். அரசு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, இருமல் அநேகமாக நின்றிருந்தது. அவளுக்காக ஜெபித்தோம். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் பா. அதைச் சாட்சியாகச் சொன்னார். காசம் போயிற்று, ஜெபத்தில் சுகம். சபை முழுக்கக் கை தட்டியது. நானும் தட்டினேன். மாத்திரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்?

பிப். 4, புதன். வெள்ளிமலை, வாத்தியார் வீடு.

கச்சிராயபாளையத்தில் டீ. டீக்கடைக்காரர் வேனைச் சுற்றி வந்து பார்த்தார். “பாரஸ்டா நீங்க? இல்ல போலீசா?” முருகேசன்: “அல்லேலூயா பார்ட்டிங்க.” கடைக்காரருக்கு அதுவும் நம்பிக்கை தரவில்லை. வளைவுகளில் பெண்களில் ஒருத்திக்கு வாந்தி. மேலே காற்று குளிர்.

பகல் பதினொன்றுக்கு ஊர். வேன் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நடை. இருபது வீடு இருக்கும். போன தடவை நாங்கள் உட்காருமுன் பாய் போட்டார்கள். இன்று யாரும் வெளியே வரவில்லை. சாமை தூற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் முறத்தோடு உள்ளே போனார்கள். பாட்டு ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். சிரங்கு மூன்று, காது சீழ் ஒன்று, எல்லாருக்கும் சளி.

பச்சையம்மாள் எங்கே என்று கேட்டேன். முறத்தோடு போன பெண்களில் ஒருத்தி வாசலுக்கு வந்து, தலை நிமிராமல்: “அவ இல்ல. அம்மா வூட்டுக்குப் போயிட்டா.”

“எப்ப வருவா?”

“யாருக்குத் தெரியும்.”

ஆனால் அவள் வீட்டு வேலியில் ஈரச் சேலை, சொட்டிக்கொண்டு. பக்கத்தில் சின்னப் பாவாடை. அவளுடைய நான்கு வயதுப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். கதவு சாத்தியிருந்தது. வாசலில் அவள் புருஷன் அண்ணாமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். தலையாட்டவில்லை.

அப்போது உள்ளே இருமல். இரண்டு முறை, பிறகு யாரோ துணியை வாயில் அழுத்திக்கொண்டது போல அடங்கியது. முப்பது வருடம் வார்டில் கேட்ட இருமல். தப்பாது.

“உள்ள யாருங்க?”

“யாருமில்ல. போங்க நீங்க.”

பா. பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். “வாங்க சிஸ்டர். அவரு வேணாம்னா வுட்டுடுவோம்.” குரலில் அவசரம். எதற்கு அவசரம்?

சாப்பாடு: நாங்கள் தங்கும் வீட்டில், வாத்தியார் மனைவி வைத்த ரசம், அப்பளம். பெண்களின் குழந்தைத்தனமான சிரிப்புகூட எரிச்சலாக இருந்தது. நான் நினைப்பது சரியென்றால்: அவளை மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். சில சமயம் அந்த மருந்துக்கே அடங்காமல் வரும். வீட்டில் சின்னப் பிள்ளை வேறு.

யார் சொல்லியிருப்பார்கள்? ஒரே ஒருவர்தான்.

பிப். 5, வியாழன்.

மூடுபனி. பல் துலக்கும்போதே முருகேசனைப் பிடித்தேன். போன தடவை பச்சையம்மாளிடம் யார் யார் பேசினார்கள், ஞாபகம் இருக்கிறதா?

யோசித்தார். “நாம கெளம்பறப்ப பாஸ்டரு அந்தப் பொண்ணாண்ட தனியா பேசிக்கினு இருந்தாரு சிஸ்டர். மாத்திர அட்டய கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்தாரு.”

“இன்னா சொன்னாரு?”

“அது கேக்கலிங்க. நா வண்டிய திருப்பிக்கினு இருந்தேன். ஏன், இன்னா ஆச்சி?”

ஒன்றுமில்லை என்றேன். ஆனால் அட்டையை எதற்காக அவர் வாங்கிப் பார்க்க வேண்டும்?

காலை ஜெபத்தில் கண்ணை மூடாமல் அவரைப் பார்த்தேன். கண்ணீரோடு ஜெபிக்கிறார். இதற்கு முன் அந்தக் கண்ணீரை நான் சந்தேகப்பட்டதில்லை. பத்து வருடமாகத் தெரிந்த மனிதர். என் கணவர் அடக்கத்தன்று மழையில் நின்று மண் போட்டவர்.

பிறகு நேராகக் கேட்டேன், இன்று பச்சையம்மாள் வீட்டுக்குப் போவோமா?

“வேணாம் சிஸ்டர். ஊரே ஒரு மாதிரி பாக்குது. இப்ப நாம அங்க போய் நின்னா அவங்களுக்குத்தான் கஷ்டம்.”

“அவளுக்கு மறுபடியும் வந்திருக்குது பாஸ்டர்.”

முகம் வெளுத்தது. “நிச்சயமா?” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. குற்றம் உள்ளவர் முகம் என்று முடிவு கட்டினேன்.

பகலில் வேறு ஊர். பெண்கள் பாட்டு, பா. செய்தி, நான் பி.பி. எல்லாம் நடந்தது. மூன்று மணிக்கு வேனில் தனியாக இருந்தேன். முன் சீட்டில் பா.வின் பயண நோட்டு. எடுத்தேன். எழுதவே கூச்சம், ஆனாலும் எழுதுகிறேன்: இன்னொருவர் நோட்டைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னதற்கு ஒரு வரி கிடைக்கும் என்று தேடினேன்.

செப்டம்பர் பக்கம். அவர் கையெழுத்தில்: “பச்சையம்மாள். காசம். ஜெபித்தோம். நெஞ்சு சுத்தம் – எஸ்தர் சிஸ்டர் பரிசோதித்துச் சொன்னார். ஸ்தோத்திரம்.”

நான்கைந்து தடவை படித்தேன். நோட்டை இருந்த இடத்தில் வைத்தேன்.

ஆமாம். சொன்னேன். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன், இரைச்சல் இல்லை. சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னேன். நெஞ்சில் இரைச்சல் இல்லை என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஆறு மாதமும் மாத்திரை முடிக்க வேண்டும். முதல் வருட மாணவிக்கே தெரியும். அதைச் சேர்த்துச் சொன்னேனா? ஞாபகம் இல்லை. மூளையை எவ்வளவு கசக்கினாலும் ஞாபகம் வரவில்லை.

நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அது நிச்சயம். இதை எழுதும்போதே சாக்கு மாதிரி இருக்கிறது.

பிப். 6, வெள்ளி.

தூக்கம் சரியில்லை. ஏழரைக்கு முருகேசனை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். பா.விடம் சொல்லவில்லை. ஊருக்குக் கீழே வேனை நிறுத்தச் சொல்லி, தனியாக நடந்தேன். பையும் எடுத்துப் போகவில்லை.

அண்ணாமலை அதே இடத்தில். “மறுபடியுமா?”

“பாட்டு பாட வரலிங்க. மன்னிப்பு கேக்க வந்தேன். பச்சையம்மா உள்ள இருக்குதுன்னு தெரியும்.”

உள்ளிருந்து அவளே, “வுடுய்யா, வரட்டும்” என்றாள்.

உள்ளே இருட்டு. அடுப்புச் சாம்பல் வாசனை. செப்டம்பரில் பார்த்த பெண் இல்லை. கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு. வாய்க்கு முந்தானை. பிள்ளை அவள் முதுகுக்குப் பின்னால். கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வாசலுக்குப் பக்கமாக உட்கார்ந்தேன். வெளிச்சம் வந்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

“மாத்திரைய எப்ப நிறுத்தின?”

“நீங்க வந்துட்டுப் போனீங்களே, அப்பறம் கொஞ்ச நாள்ல. தோட்ட வேலைக்கி கேரளா போனோம். மாத்திரைய தூக்கிக்கினு போவணுமான்னு இவுரு கேட்டாரு. அதான் சுத்தமாயிட்டுதுன்னு சிஸ்டரு சொன்னாங்களே, எதுக்குன்னு நாந்தான் வூட்லயே வுட்டுட்டு போனேன்.”

“பாஸ்டர் ஏதாவது சொன்னாரா?”

அண்ணாமலைதான் பதில் சொன்னார். கோபமாக இல்லை, அதுதான் தாங்கவில்லை. “அவுரு அட்டய வாங்கிப் பாத்துட்டு, இன்னும் இருக்குதே, முடிக்காம வுட்டுடாதம்மான்னு சொன்னாரு. பாதிரியாருக்கு மருந்த பத்தி இன்னா தெரியும்னு நெனச்சோம். நீங்க பெரிய ஆஸ்பத்திரில வேல பாத்தவங்க. காதுல மாட்டிக்கினு கேட்டீங்க. உங்க பேச்சத்தான் நம்பினோம்.”

ஆமாம், சுத்தம் என்று நான்தான் சொன்னேன் என்றேன்.

ஏன் ஒளிந்துகொண்டாள் என்று பிறகு கேட்டேன். முந்தானைக்குள்ளிருந்து: “மறுபடியும் கேட்டுட்டு சுத்தம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். அப்பறம் இவுரு என்னை ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போவமாட்டாரு.”

அதுவரை அவர்கள்தான் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். பா. எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

தப்பு என் மேல், நீ இன்றே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், பிள்ளையையும் பார்க்கவேண்டும் என்றேன். அண்ணாமலை சம்மதித்தார், ஆனால் வேனில் ஏற மாட்டேன் என்றார். “ஊரு பாக்கும். சர்ச்சு வண்டில போனா நாளைக்கி வேற பேச்சு வரும்.” சரி, பஸ். முருகேசனை வேனோடு அனுப்பிவிட்டு நானும் அவர்களோடு நடந்தேன். பச்சையம்மாள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையை நான் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை, அண்ணாமலை தூக்கினார். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, என்னிடமிருந்த மாஸ்க் கொடுத்தேன். அவர்கள் முன்னால், நான் இரண்டு சீட் பின்னால்.

வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் சளி கொடுத்தாயிற்று. பழைய மருந்துக்கு அடங்குமா என்றும் பார்ப்பார்கள். பிள்ளைக்கும் எடை, பரிசோதனை. அங்கே எழுதிக்கொண்ட பெண் கேட்டாள்: “நடுவுல ஏம்மா நிறுத்தின? யாரு சொன்னது?”

பச்சையம்மாள் தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“நாந்தான்” என்றேன். அந்தப் பெண் என் வயதைப் பார்த்து, “நீங்க யாருங்க?” என்றாள். ஓய்வு பெற்ற நர்ஸ் என்றேன். பேனா நின்றது. பிறகு எழுதினாள்.

மாலை பா.விடம் எல்லாம் சொன்னேன், நோட்டைப் படித்தது உட்பட. நோட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொன்னது:

“மாத்திரைய முடின்னு நா சொன்னேன் சிஸ்டர். ஆனா கிறிஸ்துமஸ் மேடையில அத சொல்லல. சொன்னா சாட்சி சின்னதாயிடும்னு தோணிச்சி. நேத்து நீங்க சொன்னதுலேந்து அதான் குத்திக்கினு இருக்குது.”

அப்படியானால் அந்த வெளுத்த முகம் அதற்குத்தான்.

பிப். 8, ஞாயிறு. கள்ளக்குறிச்சி.

ஊருக்கு நேற்றே வந்தாயிற்று. துணி ஒரு மூட்டை துவைத்தேன். தோள் வலி.

ஆராதனையில் பா. செய்திக்கு முன்னால் பேசினார். டிசம்பரில் பாதிதான் சொன்னேன் என்றார். மாத்திரையைப் பற்றிச் சொன்னார். பிறகு நான். எழுந்து நின்றேன். இந்தத் தடவை அவள் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஒரு நோயாளியிடம் அரைகுறையாகப் பேசினேன், அவள் மருந்தை நிறுத்திவிட்டாள், இப்போது கஷ்டப்படுகிறாள், நான் செய்தது தவறு. அவ்வளவுதான். உட்கார்ந்தேன்.

கை தட்டல் இல்லை. பின்வரிசையில் ஒரு ஐயா எழுந்தார். “அப்ப ஜெபம் கேக்கப்படலியா பாஸ்டர்?” பா. பாட்டு எண் சொன்னார்.

வெளியே வரும்போது சிலர் கை குலுக்கினார்கள். வழக்கமாக என்னிடம் பி.பி. பார்த்துக்கொள்ளும் அம்மா, வேறு பக்கமாகப் போனார். அவர் மேல் கோபம் இல்லை. நானே அப்படித்தான் செய்திருப்பேன்.

பிப். 10, செவ்வாய்.

ரிசல்ட் வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்ன அண்ணாமலையிடமிருந்து போன் வரவில்லை. மதியம் நானே இரண்டு தடவை அவர் நம்பரை எடுத்தேன், போடவில்லை. மருந்துக்கு அடங்காத வகை என்று வந்தால்? வார்டில் அப்படி வந்தவர்கள் முகம் ஒவ்வொன்றாக வருகிறது. சமைக்கவில்லை. காலை இட்லி மிச்சம்.

ஜெபிக்க உட்கார்ந்தேன். யாருக்காகக் கேட்பது, அவளுக்கா எனக்கா என்று குழப்பம்.

பிப். 11, புதன்.

காலை பத்தே கால். அண்ணாமலை நம்பர்.

“சிஸ்டர், ரிசல்ட் வந்துட்டுது. அதே மாத்திரைக்கு கேக்குமாம். மொதல்லேந்து ஆறு மாசம் போடணுமாம். நேத்தே ஆரம்பிச்சாச்சி. பாப்பாவுக்கு நோய் இல்லியாம். முன்னெச்சரிக்கைக்கு மாத்திர குடுத்துருக்காங்க.”

தேவையானது எல்லாம் சொன்னேன்: ஒரு நாள்கூட விடக்கூடாது, இருமல் நின்றாலும் விடக்கூடாது, சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதீர்கள், கண் மஞ்சளானால் உடனே போங்கள். இரண்டு தடவை சொன்னேன். அவர் குறுக்கிட்டார்.

“ஆஸ்பத்திரில எல்லாம் சொல்லிட்டாங்க. அவங்க எழுதியும் குடுத்துருக்காங்க.”

நான் சொன்னதை நம்பவில்லை, சரிபார்த்துவிட்டார். நல்லது.

அடுத்த வாரம் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். போனில் கொஞ்சம் சத்தம், கை மாறியது. பச்சையம்மாள். மூச்சு வாங்கியது.

“சிஸ்டர், ஆவணி மாசம் வாங்க. அதுக்கு முன்ன வராதீங்க.”

சரிம்மா என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஆறு மாத மாத்திரை ஆடியில் முடியும்.