சந்தனத்தின் மீது பழிபோட்ட தட்டச்சு இயந்திரக் கடை

அனுப்புநர்:
ப. ஏசுதாசன், எம்.ஏ., (வயது 52)
உரிமையாளர், ஜாய் தட்டச்சுப் பயிலகம்,
கோர்ட் எதிர்ச் சந்து,
உத்தமபாளையம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றம்,
மதுரை.

பொருள்: புதிதாக வாங்கிய ஆங்கிலத் தட்டச்சு இயந்திரம் இரண்டே மாதத்தில் பழுதானது – விற்றவர் உத்தரவாதத்தை மறுத்து, பயன்படுத்தியவர் மீது பழி எழுதியது – பழியை நீக்கவும், இயந்திரத்தை மாற்றித் தரவும் உத்தரவிடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. ரசீது, நாள் 12.05.1989. 2. கடையின் பழுது அறிக்கை, நாள் 20.10.1989.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினேழு ஆண்டுகளாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்தி வருகிறேன். அதற்கு முன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தலைமை எழுத்தர் பதவி என்னைவிட நான்கு ஆண்டு இளையவருக்கு, இன்னாருடைய மருமகன் என்ற ஒரே தகுதியில் கொடுக்கப்பட்டதால் வெளியேறினேன். அது இந்த மனுவின் பொருள் அல்ல. ஆனால் எதிர்மனுதாரர் தமது பதிலில் என்னைப் 'பெட்டிஷன் வாத்தியார்' என்று நிச்சயம் குறிப்பிடுவார். ஆகவே நானே முந்திக்கொள்கிறேன். இதுவரை பல அலுவலகங்களுக்குப் பதினொரு மனுக்கள் எழுதியிருக்கிறேன். ஒன்பதுக்குப் பதில் வரவில்லை. எதிலும் பொய் இல்லை.

2. எதிர்மனுதாரர் திரு. சண்முகராஜ், தேனி கடைவீதியில் அலுவலக இயந்திரங்கள் விற்பவர். அவரிடம் 12.05.1989 வெள்ளிக்கிழமை, முழு விலையும் ரொக்கமாகக் கொடுத்து மேற்படி இயந்திரத்தை வாங்கினேன். ஓராண்டு உத்தரவாதம் என்று ரசீதிலேயே எழுதியிருக்கிறது (இணைப்பு 1).

3. அது அவர் விற்ற ஐம்பதாவது இயந்திரமாம். அதற்காக மாலை வாங்கி வைத்திருந்தார், ஸ்டூடியோக்காரரையும் அழைத்திருந்தார். இயந்திரத்துக்கு மாலை சூட்டி, கிண்ணத்திலிருந்து குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி மேல்மூடியில் பூசினார். பின்பு மூடியைத் திறந்து உள்ளேயும் பொட்டு வைத்தார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஜெபிக்கிற குடும்பம். எங்கள் வீட்டில் சந்தனம் அரைக்கும் கல்லே கிடையாது. இருந்தாலும் ஒருவர் மங்கலமென்று செய்வதைத் தடுப்பது மரியாதையல்ல என்று பேசாமல் நின்றேன். பேசியிருக்க வேண்டும்.

4. என் பயிலகத்தில் புது இயந்திரம் வந்தால் அது முதல் மாணவருக்கு. அப்போது முதலிடத்தில் இருந்தவர் செல்வி சொர்ணலதா. மேகமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி திரு. அழகுமலை அவர்களின் மகள். சின்னமனூரில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் முதல் பஸ்ஸில் வந்து பயின்றவர். ஜூலை மாதத்தில் அவர் அடித்த தாள்களில் சொற்களுக்கு நடுவே தேவையில்லாத வெற்றிடம் விழத் தொடங்கியது. "என் கை இல்ல சார், மெஷின்தான் தாண்டுது" என்று மூன்று முறை சொன்னார். நான் நம்பவில்லை. புது இயந்திரத்தின் மேல் பழிபோடுகிறாயா என்று இருபது பேர் முன்னிலையில் கடிந்துகொண்டேன்.

5. தட்டச்சுத் தேர்வுக்கு மாணவர்கள் பழகிய இயந்திரத்தையே மையத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். 12.08.1989 அன்று தேனி மையத்தில் சொர்ணலதா இதே இயந்திரத்தில் எழுதினார். ஒவ்வொரு வெற்றிடமும் ஒரு பிழையாகக் கணக்கிடப்பட்டு, தோல்வி. தேர்வுச் சான்றிதழை நம்பி அவருக்கு எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் வைத்திருந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. முடிவு வந்த அன்று அவர் தந்தை என்னிடம் காரணம் கேட்டார். கவனக்குறைவு என்றேன். "சாரு சொன்னாகன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மகளைத் தோட்டத்துக்கே அழைத்துப் போய்விட்டார். இன்று சொர்ணலதா அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறார்.

6. அதன் பிறகுதான், வெட்கத்துடன் எழுதுகிறேன், அந்த இயந்திரத்தில் நானே உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். பதினேழு ஆண்டு பழகிய என் விரல்களுக்கும் அதே வெற்றிடம் விழுந்தது. எண்ணினேன். சரியாக முப்பத்திரண்டு எழுத்துக்கு ஒருமுறை. மெதுவாக அடித்தாலும் வேகமாக அடித்தாலும் முப்பத்திரண்டு (இணைப்பு 2: தட்டச்சுத் தாள்கள் நான்கு). தாள் சுற்றிய உருளையைத் தாங்கும் கேரியேஜை எழுத்துக்கு ஒரு படியாக நகரவிடும் பல்சக்கரம் ஒன்று உள்ளே இருக்கிறது. டார்ச் விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்ததில், அதில் ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கக் கண்டேன். அது தேய்ந்ததல்ல, செய்யும்போதே குறைவாகச் செய்தது.

7. 16.10.1989 அன்று இயந்திரத்தைப் பஸ்ஸில் மடிமீது வைத்துத் தேனிக்குக் கொண்டுபோனேன். கடையில் நான்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மூடியைத் திறந்து பார்த்த திரு. சண்முகராஜ், அந்த வாடிக்கையாளர்களிடம் சொன்னது இது: "மெஷினுக்கு சந்தனக்காப்புச் சாத்திட்டு, ஓடலைன்னு தூக்கிட்டு வந்திருக்காரு பாருங்க நம்ம பெட்டிஷன் வாத்தியாரு!" நால்வரும் சிரித்தார்கள். நான்கு நாள் கழித்து இயந்திரத்தோடு திரும்பி வந்த அறிக்கை: "உள்ளே சந்தனம் படிந்துள்ளது. பழகாத கைகள் முறையின்றிக் கையாண்டதால் ஏற்பட்ட பழுது. உத்தரவாதம் பொருந்தாது" (பார்வை 2).

8. இதற்கு என் மறுப்பு: சந்தனம் வைத்தது அவர் கை. அதற்குச் சாட்சி அவர் கல்லாப்பெட்டிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிற புகைப்படம். மூடி திறந்திருக்கிறது, அவருடைய மூன்று விரல்கள் உள்ளே இருக்கின்றன, பக்கத்தில் நான் விருப்பமில்லாத மாப்பிள்ளை போல நிற்கிறேன். அவர் பிரதி தர மறுத்தார். ஸ்டூடியோவில் கேட்டு வாங்கினேன். பின்புறம் தேதி முத்திரை உள்ளது (இணைப்பு 3). இரண்டாவது, பழுதுக்குக் காரணம் அந்தச் சந்தனமும் அல்ல. சந்தனத்துக்கு முப்பத்திரண்டு வரை எண்ணத் தெரியாது. மூன்றாவது, பல்சக்கரத்தின் திருகுகள் மேல் தயாரிப்பாளர் வைத்த சிவப்புப் பெயிண்ட் இன்னும் உடையவில்லை. அதாவது, கடை மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்க்காமலே அறிக்கை எழுதியிருக்கிறார்.

9. கடந்த வாரம் ஜீப்பில் இடம் கேட்டு மேகமலைக்குப் போனேன். என் தவறை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தைத் திரு. அழகுமலை அவர்களிடம் கொடுத்தேன். எதையும் மறைக்கக் கூடாதென்று கடையின் அறிக்கையையும் காட்டினேன். இரண்டையும் படித்துவிட்டு, "நீங்க எரக்கப்பட்டு எழுதுறீக சார். மெஷின் வித்தவுகளே கை பழகலைன்னு எழுதிருக்காகளே" என்றார். சொர்ணலதா தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஜூலையிலேயே சொல்லிவிட்டாரே.

10. ஆகவே 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் கேட்பவை: (அ) குறையுள்ள இயந்திரத்துக்குப் பதில் வேறு புது இயந்திரம். மாலையும் சந்தனமும் வேண்டாம். (ஆ) 'பழகாத கைகள்' என்ற சொற்களை நீக்கி, பழுது இயந்திரத்தினுடையது, செல்வி சொர்ணலதாவின் கைகளுடையது அல்ல என்று அவர் பெயரைக் குறிப்பிட்டு எதிர்மனுதாரர் கையொப்பமிட்ட கடிதம். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்கும்படி நண்பர்கள் சொன்னார்கள். கேட்கவில்லை. என் மன உளைச்சலில் பாதி நானே தேடிக்கொண்டது.

11. முதல் கோரிக்கையைக் கொடுத்து இரண்டாவதை விட்டுவிடும்படி சமரசம் பேசினால் ஏற்கமாட்டேன் என்பதை இப்போதே தெரிவிக்கிறேன். புது இயந்திரத்தை அவர் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, அடுத்த மனுவை எழுதுவேன்.

12. பிப்ரவரித் தேர்வுக்கு விண்ணப்பிக்க டிசம்பர் 8 கடைசி நாள். அதற்குள் விசாரித்து உத்தரவிட வேண்டுகிறேன். அந்தப் பெண்ணுக்குத் தவறு செய்தவர்கள் இருவர். ஒருவன் எழுதிக் கொடுத்துவிட்டான் (இணைப்பு 4). மற்றவரும் எழுதிக் கொடுக்கட்டும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பி என் மேசையில் வைத்திருக்கிறேன். சொர்ணலதா கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

இடம்: உத்தமபாளையம்
நாள்: 06.11.1989

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ப. ஏசுதாசன்

இணைப்புகள்: 1. ரசீது நகல். 2. தட்டச்சுத் தாள்கள் நான்கு. 3. புகைப்படம் ஒன்று. 4. திரு. அழகுமலை அவர்களுக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தின் நகல். 5. பழுது அறிக்கையின் நகல்.