மேலுக்குச் சுகம்

பெரியபட்டினம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் சுஐபுக்கு உன் உம்மா மெஹருன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் மருமகள் மாஷிதாவும் உன் மகள் அம்ரீனும் இங்கே நலமாக இருக்கிறோம். உன் நலம் அறிய ஆசை என்று அடுத்த வரி வர வேண்டும். உன் வாப்பா சவூதியில் இருந்த காலத்தில் நான் எழுதாத கடிதமா, கை தானாகவே அதை எழுதிவிடும். ஆனால் இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை மகனே, நிஜமாகவே எனக்குத் தெரிய வேண்டும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேப்பரும் பேனாவும் எடுத்தது அதனால்தான். போனில் கேட்டால் "சொகமா இருக்கேன் உம்மா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். உன் ரூமில் எந்நேரமும் ஆள் இருக்கிறது, என் பக்கத்தில் மாஷிதா இருக்கிறாள், இரண்டு பேருமே மனம் விட்டுப் பேச முடிவதில்லை. இதைத் தனியாக உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

தோஹாவிலிருந்து பத்து நாள் லீவில் வந்த உன் ரூம்காரன் வீரமணி, ஞாயிற்றுக்கிழமை அவன் ஊர் திருப்பாலைக்குடியிலிருந்து பைக்கில் வந்து நீ கொடுத்தனுப்பிய சாமான்களைக் கொடுத்தான். பிள்ளையின் கவுன் கொஞ்சம் பெரிசு, அடுத்த பெருநாளைக்குச் சரியாக இருக்கும். தைலம், போர்வை எல்லாம் வந்து சேர்ந்தது. நல்ல பையன், சாப்பிடு என்றால் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிடுகிறான். சாப்பிட்டுக்கொண்டே "ஒங்க மகன் கூத்தக் கேளுங்கம்மா" என்று ஆரம்பித்தான். போன மாதம் நீ வேலை செய்யும் இடத்தில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாயாம், கம்பெனி கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்களாம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, உனக்கு அவர் பேச்சு தெரியாது, நடுவில் பேசுவதற்கு மெட்ராஸ் பக்கத்து சூப்பர்வைசர் ஒருத்தர் நின்றாராம். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு நீ "மேலுக்கு முடியல சார்" என்றாயாம். அந்த மனிதருக்கு மேலுக்கு என்றால் மேல்தோல் என்று பட்டிருக்கிறது, அவர் போய் டாக்டரிடம் இவனுக்குத் தோலில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் உன் கையைத் திருப்பிப் பார்க்க, அந்த வெயிலில் யாருக்குத்தான் வேர்க்குரு இல்லை, இதுதானா என்று ஒரு டியூபை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். "இப்ப ரூமுல அந்த டியூபுக்கே மேலுக்குன்னுதான் பேரும்மா" என்று வீரமணி சிரித்தான். மாஷிதாவும் சிரித்துவிட்டாள், இவர்கள் சிரிப்பதைப் பார்த்து அம்ரீனும் சிரித்தது. நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. நம் பக்கத்தில் மேலுக்கு முடியவில்லை என்றால் உடம்பு மொத்தமும் முடியவில்லை என்று அர்த்தம். அதை வேறு எப்படித்தான் சொல்வது? ஆனால் அவர் தப்பாகச் சொன்னது தெரிந்த பிறகும் நீ ஏன் பேசாமல் டியூபை வாங்கிக்கொண்டு வந்தாய்? ஒரு நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டதற்காக பஸ் கண்டக்டரோடு உச்சிப்புளி வரைக்கும் சண்டை போட்டவன்தானே நீ. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அந்த வாய் எங்கே போனது?

இதோடு விட்டிருந்தால் நானும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். வீரமணி கிளம்பும்போது வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். பார்த்தால் அது உன் கறுப்பு ஷூ, போன லீவில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நீ இடதுகால் பின்பக்கம் தைத்து வாங்கினாயே அதேதான், தையலைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டேன். "அது அவனுக்கு இறுக்குதாம்மா, ஒரு சைஸ் பெருசா வாங்கிப் போட்டுக்கிட்டான், இத எனக்குக் குடுத்துட்டான்" என்றான். முப்பத்திரண்டு வயசில் யாருக்கடா கால் வளரும்? காலையில் எழுந்திருக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று அவனிடம் கேட்டேன். வீரமணி தலையைச் சொறிந்துகொண்டு, "கண்ணு ரெண்டும் உப்பிப்போயித்தாம்மா இருக்கும், தூக்கம் பத்தலன்னு நாங்க நெனச்சோம்" என்றான். அப்போதுதான் அவனுக்கும் சிரிப்பு நின்றது.

என் வேலை உனக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுத்து வருகிறேன். பள்ளிவாசல் தெருவில் காஜா நவாஸ் இருக்கிறானே, பந்தாட்டத்தில் உனக்கு மூத்த செட், அவன் குவைத்திலிருந்து கிட்னி கெட்டுத் திரும்பி வந்து இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்கு ராமநாதபுரம் போய் வருகிறான். ஒரு நாள் அவன் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, "கால் வீங்கினது எனக்குத் தெரியல மாமி, ஷூதான் சின்னதாப் போச்சுன்னு பெருசு வாங்கிப் போட்டேன்" என்றான். பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். வீரமணி வந்து போனதிலிருந்து அந்த வார்த்தைதான் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தொழுகையில் நின்றால் எத்தனை ரக்அத் என்று மறந்துபோகிறது.

நான் டாக்டர் இல்லை, எனக்குத் தெரியும். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால்கூட கால் வீங்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன். உன் வாப்பா அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறார். சரி, பேயாகவே இருக்கட்டும், கொஞ்சம் ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தால் பேயா இல்லையா என்று தெரிந்துவிடப் போகிறது. வாய்தான் அப்படிச் சொல்கிறதே தவிர மனிதர் பள்ளிவாசலுக்குப் போய் வரும்போதெல்லாம் அங்கனயிருந்து போன் வந்ததா என்று கேட்காமல் செருப்பைக் கழற்றுவதில்லை. மாஷிதாவும் சிரித்ததோடு சரி. அன்றைக்கு மாலையில் கொல்லைப்பக்கம் போனேன், உன் பழைய போட்டோவையும் புது போட்டோவையும் போனில் பெரிசாக்கி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்னைக் கண்டதும் போனை மறைத்துவிட்டு "மாமி, அவுக வெயிட்டுப் போட்டிருக்காகள்ல" என்றாள். நானும் ஆமாம் என்றேன். வீடியோவில் நீ போனைத் தூக்கிப் பிடித்து நெற்றியையும் மேலே சுற்றுகிற காத்தாடியையும் மட்டும் காட்டுவது ஏன் என்று இப்போது எங்கள் இரண்டு பேருக்குமே புரிகிறது.

கவனமாகக் கேள். வீரமணியிடம் துருவித் துருவிக் கேட்டு அங்கே தோஹாவில் நம் ஆட்களுக்கு உதவி செய்யும் ஒரு பெண்ணின் நம்பரை வாங்கினேன். பெயர் மாலதி, சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். மொழி தெரியாதவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் இருந்து பேசுவது, கேம்ப்பில் தனியாகக் கிடந்து மனம் ஒடிந்தவர்களைப் பார்ப்பது, இதுதான் அந்தப் பிள்ளை செய்கிற சேவை. நேற்று நானே பேசிவிட்டேன். டியூப் கதையைச் சொன்னதும் அது சிரிக்கவில்லை, "எங்க அம்மாவும் மேலுக்கு முடியலன்னுதாம்மா சொல்லுவாக" என்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர்கள் மருத்துவ முகாம் வைக்கிறார்கள், ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், வீரமணிக்கு இடம் தெரியும். மாலதி உன் பக்கத்திலேயே உட்கார்ந்து டாக்டரிடம் எடுத்துச் சொல்லும். ஆனால் ஒன்று சொன்னது. "நான் வார்த்தையத்தாம்மா மாத்திச் சொல்ல முடியும், அவரு வாயத் தொறந்து சொன்னாத்தான். முக்காவாசிப் பேரு டாக்டர் முன்னால உக்காந்ததும் நல்லா இருக்கேன்னுட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க." கேட்டதும் எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

நீ கேட்ட நெத்திலிக் கருவாடும் ஊறுகாயும் இந்தத் தடவை கிடையாது. உப்பு விஷயம், டாக்டர் சரி என்று சொல்லட்டும், அடுத்த ஆள் வரும்போது மூட்டையாகவே கட்டி அனுப்புகிறேன். மாஷிதாவுக்கு என் மேல் வருத்தம், எடுத்து வைத்த கருவாட்டைத் திரும்பப் பானைக்குள் போட்டுவிட்டாள். மேல்வலிக்கு நம்மூர் மெடிக்கலில் கட்டிக் கொடுக்கும் செட் மாத்திரை வேண்டும் என்றாயே, அதுவும் வராது. வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நாள் கணக்கில் விழுங்கினால் கிட்னிக்கு ஆகாது என்று எங்கள் கூட்டத்தில் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். கையில் மிச்சம் இருந்தால் தூக்கி எறி. இனிப்புக்குக் கீழக்கரைத் தொதல் கொஞ்சம் வைத்திருக்கிறேன், ரூமில் எல்லோருக்கும் கொடு. உச்சி வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வேலை பார்க்காதே, பெற்றவள் இதைச் சொல்ல என்ன வெட்கம்.

உன் பயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. டெஸ்ட்டில் ஏதாவது வந்தால் உடம்புக்கு ஆகாதவன் என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், வேலை போய்விடும், மாடி பாதியிலேயே நின்றுவிடும் என்றுதானே வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய்? நிற்கட்டும். மாடிக்கு நீட்டி விட்ட கம்பியில் மாஷிதா துணி காயப்போடுகிறாள், அதுவும் ஒரு உபயோகம்தான். கீழே இருக்கிற இரண்டு அறையில் நாம் அத்தனை பேரும் படுக்கலாம். மாடி வீட்டில் உட்கார்ந்து வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கிற காஜா நவாஸின் பொண்டாட்டி முகத்தை நான் தினம் பார்க்கிறேன் மகனே, அந்த முகம் மாஷிதாவுக்கு வரக் கூடாது. நீ திரும்பி வந்தால் ஊர் ஒரு வாரம் பேசும், பிறகு அதற்கு வேறு வேலை வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாலதி உன்னைப் பார்த்து என்ன செய்கிறது என்று கேட்கும். அப்போது கால் வீங்குவதையும், கண் உப்புவதையும், நிற்க முடியாமல் உட்கார்ந்ததையும் ஒன்று விடாமல் சொல். மேலுக்கு முடியவில்லை என்றே சொல், அதற்குப் புரியும். இத்தனை நாளாக எங்களிடம் சொன்னாயே சுகம் சுகம் என்று, அதுதான் மேலுக்குச் சொன்னது. அதை மட்டும் சொல்லாதே.

ரஹ்மான் உன்னை எல்லா நோய் நொடியிலிருந்தும் காப்பாற்றுவானாக, உன் கைகால்களுக்கு பலத்தையும் உன் வாய்க்குத் தைரியத்தையும் தருவானாக. வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார். அம்ரீன் கவுனைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறது.

ஒன்று மறந்துவிட்டேன். வீரமணிக்குப் புது ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு உன் கறுப்பு ஷூவை வாங்கி வைத்துக்கொண்டேன். துடைத்து, நாளைக்கு அவன் பிளேன் ஏறும்போது இந்தக் கடிதத்தோடு அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். இப்போது போட வேண்டாம், காலுக்குள் போகாது. வைத்தியம் பார். என்றைக்கு அது இறுக்காமல் உன் காலில் ஏறுகிறதோ அன்றைக்கு ஷூ போட்ட காலை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முகம்கூட வேண்டாம், உம்மா புரிந்துகொள்வேன்.

உன் வழியைப் பார்த்திருக்கும் உம்மா,
மெஹருன்னிசா