நீ சொன்ன கொக்கு

இன்று சென்சாரின் மூடியைக் கழற்றியபோது ரப்பர் வாசனையோடு கண்மாய்ச் சேற்றின் வாசனையும் வந்தது. நீ போன பிறகு இதுவரை நான் அதைத் தொடவில்லை. என் ஆய்வேட்டுக்கு நோட்டில் எழுதிய எண்கள் போதாது, கருவிக்குள் பதிவானதும் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டுவிட்டார்கள்.

நாம் அளந்தது தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை; அது விடியும் நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நரிக்குடிப் பக்கத்து அந்தக் கண்மாய் உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அருப்புக்கோட்டையிலிருந்து நான் பஸ் பிடித்து வருவதற்குள் வெயில் ஏறிவிடும். "பகல் ஒனக்கு, விடியல் எனக்கு. நீ தூங்குடி, நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

முதல் நாள், சென்சாரைத் தண்ணீரில் இறக்குமுன் நான் ஆவலாகக் குனிந்தேன். என் மூச்சுப் பட்டு எண் எகிறியது. என் முகத்தைப் பிடித்துத் தள்ளினாய். "மூச்ச அங்கிட்டு விடு. தண்ணிய அளக்க வந்தமா, ஒன்னய அளக்க வந்தமா?"

ஒத்தையில் பயமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு கொக்கு தெனமும் பக்கத்துல வந்து நிக்கிது. அதுக்கும் டிகிரி வேணுமாம்" என்றாய். ஆய்வேட்டின் நன்றியுரையில் உன் பெயருக்குக் கீழே அந்தக் கொக்கையும் சேர்த்திருந்தேன்.

பதிவைத் திறந்தேன். முதல் பத்து நாள் சரியாக இருந்தது. தண்ணீரில் எண் மெல்ல ஏறும், கால் மணி நேரத்தில் நிலைத்துவிடும். பிறகு வந்த உன் விடியல்களில் அது சட்டென ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிறது. வெப்பநிலையும் கண்மாயுடையது இல்லை, அறையுடையது. கட்டிலில் உட்கார்ந்தபடி நீ சென்சாரில் ஊதியிருக்கிறாய். இருபத்து மூன்று நாள்.

உன்னைக் கொண்டுபோன காய்ச்சல் வந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. நோயின்மேல் பழிபோடவும் வழி இல்லை.

"எந்திரிக்க முடியலடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வந்து உன் வீட்டில் தங்கியிருப்பேன். சோம்பலைப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கொக்கைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் கேட்கும்போதெல்லாம் அதற்குப் புதிதாக ஒரு சேட்டை சொன்னாயே.

ஆய்வேட்டிலிருந்து அந்த நாட்களை நீக்கிவிட்டேன், கொக்கையும். இனி மழை பெய்து கண்மாய் நிறைந்த பிறகுதான் மறுபடி அளக்க வேண்டும். எனக்கு ஒரு வருடம் போயிற்று.

கருவியிலிருந்தும் அழிக்கக் கை போனது. அழிக்கவில்லை. உன் குரல்கூட என்னிடம் பதிவாக இல்லை. இருப்பது இருபத்து மூன்று நாள் நீ விட்ட மூச்சு மட்டும். கோபம் தீரும்வரையாவது அது இருக்கட்டும்.