சம்பந்தி வீட்டுத் தக்காளி

அன்பு மகளுக்கு,

மசக்கை வாய்க்கு உன் மாமனார் தோட்டத்து நாட்டுத் தக்காளிதான் பிடிக்கிறது, தலைப்பிரசவமும் அங்கேயே என்று எழுதியிருக்கிறாய்.

அந்த விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி அவருக்குக் கொடுத்த மடையன் நான்தான். நீ கொடுத்தனுப்பிய பழங்களைக் குறை சொல்லவென்றே தின்றேன். பழம் தீர்ந்தது, குறை அகப்படவில்லை. என் செடியில் இலைதான் அமோகம். "சம்பந்தி மேல இவ்வளவு பொறாமையா?" என்று உன் அம்மா சிரிக்கிறாள்.

நம் குடிசை மனைக்குப் பட்டா வந்துவிட்டது. நீ பிறந்தபோது தொட்டில் கட்ட வாசலில் கழி நடலாமா என்று பண்ணையாரைக் கேட்டேன், கூடாதென்றார். இந்தத் தடவை யாரையும் கேட்காமல் தக்காளிப் பாத்தியோரம் நட்டுவிட்டேன்.

வரும்போது உன் மாமனார் பழத்தில் ஒரு கூடை கொண்டு வா. என் எதிரிலேயே தின்னு, ஒன்றும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
பொறாமை பிடித்த அப்பா