எண்பத்தேழாம் பாகத்துப் பதினோரு பேர்

மரியே வாழ்க

காரைக்குடி,
தவக்காலம் முதல் வாரம், வியாழன்

அன்புள்ள ஆஷ்லின் அப்பாவுக்கு,

வின்சி எழுதுவது. நானும் ஆஷ்லினும் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கு, வாயும் அப்படியே இருக்கு. நீங்க சுகமா இருக்கீகளா? நேரத்துக்குச் சாப்பிடுறீகளா?

தினம் போன்ல பேசுறவளுக்குக் கடிதம் எதுக்குன்னு கேப்பீக. நம்ம அருள் பிரகாஷ் தம்பி நாளைக்கு மஸ்கட்டுக்கு விமானம் ஏறுது, அது கையில கொடுத்து விடுறேன். போன்ல பேசினா அத்தை காதை இங்குட்டே வச்சுக்கிட்டு இருக்காக. ரெண்டரை மாசமா நான் ஒரு கண்டத்துல மாட்டிக்கிட்டு முழிச்சது அவுகளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேலையே போயிருக்கும். இந்தத் திங்கட்கிழமைதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு. அதனால பதறாம வாசிங்க.

பால்வாடி வேலையோட, வீடு வீடாப் போயிப் படிவம் எழுதி வாங்குற வாக்காளர் பட்டியல் வேலையையும் என் தலையில கட்டினது உங்களுக்குத் தெரியும். நம்ம ஊரைக் காரைக்குடியோட சேத்ததுலருந்து இங்க எங்க பாத்தாலும் எல்லைப் பேச்சுத்தான். பார்லிமெண்டுத் தொகுதியவே திரும்பப் பிரிப்பாகளாம், நாம சிவகங்கையிலதான் இருப்போமா, வேற எங்குட்டாச்சும் போவோமான்னு டீக்கடையில அடிச்சுக்கிறாக. எனக்கு அது பெருசாத் தெரியலை. எங்க அம்மா வீடு திருமயத்துல, மாவட்டம் புதுக்கோட்டை, ஓட்டு மட்டும் சிவகங்கை எம்.பி.க்கு. அம்மா என்ன, அதனால சோறாக்காமலா இருந்தாக?

எனக்கு வந்த வினை சின்ன எல்லையில. ஒரு வாக்குச்சாவடிக்கு ஆயிரத்து இருநூறு ஓட்டுக்கு மேல இருக்கப்படாதுன்னு தெருக்களைப் பிரிச்சாக. ஒரு சாவடிக்குள்ள வர்ற தெருக்களுக்குப் பாகம்னு பேரு. எண்பத்தேழாம் பாகம் எனக்கு, எண்பத்தெட்டு மலையாண்டி சாருக்கு. பெரிய வீட்டுத் தெரு என் பக்கம், அதுக்குப் பின்னால இருக்கிற கிணத்துத் தெரு அவுக பக்கம். காகிதத்துல பாத்தா ரொம்ப அழகான கோடு.

அந்தத் தெருவுல செட்டியார் வீடுக எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? முகப்பு ஒரு தெருவுல, கொல்லைக் கதவு அடுத்த தெருவுல. அந்தக் கோடு ஏழெட்டு வீட்டை இடுப்புல வெட்டிருச்சு. பெத்தாச்சி அண்ணன் வீடும் அதுல ஒண்ணு. அவுக குடும்பம் சென்னைக்குப் போயி பன்னண்டு வருசமாச்சு. பட்டியல்ல அந்த முகப்புக் கதவெண்ல பதினாலு ஓட்டு இருந்துச்சு. கார்த்திகை மழையில மூணு தடவை போயி நின்னேன், மூணு தடவையும் பூட்டு. எதுத்த வீட்டுல கேட்டா, அவுகெல்லாம் சென்னையிலன்னாக. பதினாலு பேருக்கும் நிரந்தரமா இடம் பெயர்ந்தவர்னு எழுதி மேல அனுப்பிட்டேன்.

அதுல மூணு பேர்தான் பெத்தாச்சி அண்ணன் குடும்பம். மிச்சம் பதினோரு பேரும் வீட்டோட கடைசிக் கட்டுல குடியிருக்கிற பொன்னழகு அக்காவும், அவுக தம்பிமார் ரெண்டு பேர் குடும்பமும். வீட்டைப் பாத்துக்கிட்டு இருபது வருசமா அங்கதான் இருக்காக. போக்குவரத்தெல்லாம் கிணத்துத் தெருப் பக்கம். மலையாண்டி சார் அந்தக் கதவைத் தட்டியிருக்காக. பேரு தன் பட்டியல்ல இல்லைன்னதும், உங்களுக்கு முன்தெருவுலருந்து பால்வாடி டீச்சர் வருவாகன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. இவுகளும் வருவா வருவான்னு உக்காந்திருக்காக. வாசல் ஒரு தெரு, கொல்லை ஒரு தெருன்னு என் பால்வாடிப் பிள்ளைகளுக்கே தெரியும். இந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் பதினாறு வருசமான எனக்குத் தோணலை பாருங்க! என்னை நானே நாலு அறை அறையலாம்னு இருந்துச்சு.

வரைவுப் பட்டியல் ஒட்டினாக; பதினோரு பேரும் செத்தவுக, ஊரை விட்டுப் போனவுகன்னு நீக்கின பேருகளோட இருந்தாக. மறுநாள் பொன்னழகு அக்கா பால்வாடிக்கே வந்துட்டாக. சத்தம் போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ஏத்தா, எங்களைச் செத்தவுக கூடச் சேத்துட்டியேன்னு மட்டும் கேட்டாக. ஓட்டு போனா ரேஷன் போகும், அப்புறம் நீ எந்த ஊர்க்காரின்னு கேப்பாகன்னு யாரோ கிளப்பிவிட்டு, அவுக தம்பி பொண்டாட்டி ரெண்டு நாளாச் சோறு திங்கலையாம். அப்படியெல்லாம் ஆகாதுக்கான்னேன். உனக்கென்ன, நீ சொல்லுவன்னுட்டுத் திரும்பி நடந்துட்டாக. பிள்ளைகளுக்கு முட்டை உரிச்சுக்கிட்டே அழுதேன். சாக்குச் சொல்ல ஒரு வெங்காயம்கூடக் கையில இல்ல.

நாலாம் நாள் தேர்தல் ஆபீஸ்லருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடுதாசி வந்துச்சு. நேர்ல போகாமலே எழுதினேனான்னு கேட்டிருந்தாக. சரியாப் பதில் சொல்லலைன்னா வேலைக்கே ஆபத்துன்னு ஆபீஸ்ல ஒருத்தர் காதுல போட்டாக. பதினோரு பேருக்கும் புதுசாப் படிவம் எழுதிக்கொண்டு போனேன். அங்க குடியிருக்கிறதுக்கு என்ன ஆதாரம்னாக. ஆதார்ல முகப்புக் கதவெண், கரண்டு பில்லு பெத்தாச்சி அண்ணன் பேர்ல. பூட்டிக் கிடக்குன்னு நீயே மூணு தடவை எழுதியிருக்க, பூட்டின வீட்டுக்குள்ள பதினோரு பேர் எங்குட்டு வழியா வந்தாகன்னு கேட்டாக. என் கையெழுத்தே எனக்கு எதிரியாப் போச்சு.

மலையாண்டி சார்தான் வழி சொன்னாக. இதைக் காகிதத்துல எழுதிப் புரியவைக்க முடியாது, அதிகாரியைக் கூட்டியாந்து நடக்க விடுன்னாக. பெத்தாச்சி அண்ணனுக்குப் போன் போட்டேன். பங்காளி ஏழு பேர் இருக்கோம், நான் எதுலயாச்சும் கையெழுத்துப் போட்டா வம்பாயிரும், வேணும்னா சாவி தாரேன்னாக. ஆம்னி பஸ் டிரைவர் கையில அரையடிச் சாவி வந்து சேந்துச்சு.

அதிகாரி கிணத்துத் தெருக் கொல்லைக் கதவு வழியா உள்ள வந்தாக. அடுப்பு, துணிக்கொடி, படிச்சுக்கிட்டு இருந்த பிள்ளைகன்னு எல்லாத்தையும் பாத்தாக. அப்புறம் முன்னுக்கு நடந்தோம். கட்டு, முற்றம், திரும்பவும் கட்டுன்னு போய்க்கிட்டே இருக்கு. இன்னுமாம்மா இருக்குன்னு ரெண்டு தடவை கேட்டாக. மலையாண்டி சார் சுத்திப் போயி வெளியிலருந்து பூட்டைத் திறந்தாக. கதவு கிரீச்சுன்னு விரியவும் எதுத்த வீட்டு ஆளுக எல்லாம் ஓடியாந்தாக. அதிகாரி படியில நின்னு கதவெண்ணைப் பாத்தாக, காகிதத்தைப் பாத்தாக, சிரிச்சுட்டாக. யாரும்மா இந்தக் கோட்டைப் போட்டதுன்னு கேட்டாக.

திங்கட்கிழமை இறுதிப் பட்டியல் வந்துச்சு. பதினோரு பேரும் இருக்காக, எண்பத்தேழாம் பாகத்துலயே. என்னையும் எச்சரிக்கையோட விட்டுட்டாக. பொன்னழகு அக்கா ஒரு தூக்கு நிறைய வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொண்டாந்து, இந்தா டீச்சரு, இனிமேலாச்சும் கொல்லைப் பக்கமா வான்னு கன்னத்துல இடிச்சுட்டுப் போனாக. அப்பாடா! ஆறு பணியாரம் ஒரே மூச்சுல தின்னேன். தவக்காலம்னு அத்தை முறைச்சாக.

இன்னும் ஒண்ணு இருக்கு. அன்னைக்குப் படியில நின்னபடியே அதிகாரி என் பாகத்தைப் புரட்டினாக. நம்ம வீட்டு நம்பர் வந்ததும் நிறுத்தினாக. சாலமன், மஸ்கட், படிவத்துல மனைவின்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கியே, அவர் ஊருக்கு வந்து எத்தனை வருசமாச்சுன்னாக. நாலுன்னேன். இது தற்காலிகமா, நிரந்தரமான்னு கேட்டாக. தெருவே பாத்துக்கிட்டு நிக்குது. தற்காலிகம்தான் சார்னு சொன்னேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான் வந்துச்சு. அவுக அடுத்த பக்கத்தைப் புரட்டிட்டாக.

வேலையை இன்னும் மூணு வருசம் நீட்டிக்கட்டுமான்னு போன வாரம் கேட்டீக. அத்தை பக்கத்துல இருந்தாக, உங்க இஷ்டம்னு சொல்லிட்டேன். என் இஷ்டம் அது இல்ல. எனக்கு நீங்க இங்க வேணும். பதினோரு பேர் விசயத்துல நான் எழுதினது தப்பு, அதை அதிகாரி வந்து திருத்திட்டாக. உங்க விசயத்துல நான் எழுதினது சரிதான்னு நீங்கதான் வந்து காட்டணும்.

மாதா உங்களை நோய்நொடி இல்லாம வச்சு, சீக்கிரம் கொண்டாந்து சேக்கட்டும்.

உங்கள்
வின்சி