சில்வண்டு ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம்

ஜூன் 3, திங்கள்

இன்று புதுப் பள்ளிக்கூடம் திறந்தது. பழைய பள்ளியில் வகுப்புக்கு ஒரே டீச்சர், ஒரே அறை. வாட்ச்மேனுக்குக்கூட எல்லாக் குழந்தைகளின் வீடும் தெரியும். இங்கே ஆறாம் வகுப்பிலேயே ஐந்து பிரிவு, பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மணியடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு அறை மாற வேண்டும்.

சில்வண்டு காலையில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓயாமல் பேசுகிறாள் என்றுதான் அவள் அப்பா அந்தப் பெயரையே வைத்தார். கேட்டுக்குள் போனவள் திரும்பியே பார்க்கவில்லை. பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாளோ?

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் ஒரு ஆள் டாக்டரம்மாவின் விரலைக் கடித்துவிட்டார். பல் வலி என்று வந்தவருக்குப் பல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 6

"எப்படி இருந்தது?" "இருந்தது." அவ்வளவுதான்.

ஜூன் 12

விஷயம் இன்றைக்குத்தான் வெளியே வந்தது. பழைய பள்ளித் தோழிகள் மூன்று பேரையும் ஒரே பிரிவில் போட்டிருக்கிறார்கள். இவளை மட்டும் வேறு பிரிவில்.

"அதனால என்ன, இன்டர்வெல்ல பார்த்துக்கலாமே?"

"அவங்க மேல்மாடிம்மா. நான் படி ஏறிப் போறதுக்குள்ள மணி அடிச்சுடும். ஒரு நாள் போனேன். மூணு பேரும் புதுசா ஒரு பொண்ணோட பேசிக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்து 'என்ன?'ன்னு கேட்டாங்க."

என்ன என்று கேட்டார்களாம். தொட்டில் வயசிலிருந்து ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள்.

இவரிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு உலகமே லிஃப்ட்தான். "நடுவுல நின்ன லிஃப்ட்டுக்குள்ள குதிச்சா இன்னும்தான் மாட்டும். சும்மா இரு, தானா நகரும்" என்றார். சொல்லிவிட்டுத் தூங்கியும் போனார். கொடுத்து வைத்தவர்.

ஜூன் 20

சாப்பாட்டு டப்பா மறுபடியும் முக்கால்வாசி மிச்சத்தோடு வந்திருக்கிறது. எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்றால் "எங்கயோ" என்கிறாள். அந்த எங்கயோ எங்கே?

அரை நாள் லீவு போட்டு வகுப்பாசிரியையைப் பார்க்கப் போனேன். கணக்கு டீச்சர். கையில் திருத்தாத பேப்பர்க் கட்டு, நின்றபடியே பேசினார். "ஆறாவதுல எல்லாரும் இப்படித்தாம்மா. இனிமே அவங்கதான் பழகிக்கணும். நாங்க பக்கத்துல உட்கார்ந்து ஊட்ட முடியுமா?" சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் மகளின் பெயரைச் சொன்னபோது, யார் என்று ஞாபகப்படுத்திக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுதான் வழியெல்லாம் குத்திக்கொண்டே வந்தது.

ஜூலை 1

டப்பா காலி! கழுவும்போது தேய்க்கவே தேவைப்படவில்லை.

"ஒருத்தி வந்து பக்கத்துல உட்கார்ந்தாம்மா. கடைசி பெஞ்ச்." பெயரைச் சொன்னாள், பிடித்த பாடத்தைச் சொன்னாள், அவளுக்குப் பூனை என்றால் உயிர் என்றாள். ஒரு மாதத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "பேசும்போது கொஞ்சம் திக்கும். அதனால என்ன, நான் வெயிட் பண்ணுவேன்."

சாப்பிடும்போது டாக்டரம்மா மாதிரி நடித்துக் காட்டினாள். பிறகு அவள் அப்பா மாதிரி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, கூடவே ஒரு கேலி: "அப்பா லிஃப்ட்டாவது மேல போகும், ஸ்கூல்ல அப்பா மார்க் போனதே இல்ல!" இவருக்குப் புரையேறிவிட்டது. எத்தனை நாளாயிற்று இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு.

ஜூலை 9

மழை. பள்ளி வாசலில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். பஸ் கண்டக்டர், யூனிபார்மோடு. சில்வண்டுவின் கடைசி பெஞ்ச் தோழியின் அம்மா.

"உங்க பொண்ணு எங்க பிள்ளை பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்காளாம். வீட்டுக்கு வந்து அதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா. ஸ்கூல்ல யாரும் அவளுக்காக இப்படிக் காத்திருந்ததில்லைம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை.

நானும் என்னவோ நல்லதாகச் சொன்னேன். ஆனால் உள்ளே ஓடியது வேறு. இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது? அவர் மகள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். வயசுக்கு மீறிய உயரம், கூன் போட்ட முதுகு, என்னிடம் "வணக்கம்" சொல்லி முடிப்பதற்குள் பஸ்ஸே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்தில் என் பெண்ணுக்குக் கிடைத்தது இந்த ஒருத்திதானா என்று நினைத்தேன். ஒதுக்கப்பட்டவளோடு சேர்ந்து இவளையும் மொத்தமாக ஒதுக்கிவிடுவார்களே என்று.

ஜூலை 15

தலை வாரிவிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அவளோட இரு, வேண்டாங்கலை. ஆனா அவளோடயே ஒட்டிக்கிட்டு இருக்காதே. நாலு பேரோட பழகு."

"எப்படிம்மா? யாரும் பேச மாட்டேங்குறாங்க."

"உனக்குத்தான் நடிப்பு அப்படி வருதே. உங்க டீச்சர் எப்படி நடக்குறாங்க, எப்படிப் பேசுறாங்க, செஞ்சு காட்டு. சிரிக்க வெச்சா தானா வந்து ஒட்டிக்குவாங்க."

கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பில்லையா?" என்று கேட்டாள்.

"சும்மா விளையாட்டுக்குத்தானே" என்றேன்.

ஜூலை 30

பலித்துவிட்டது! கணக்கு டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவதை நடித்துக் காட்டினாளாம். முன்பெஞ்சுப் பெண்கள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மத்தியானம் அவர்களோடுதான் சாப்பாடு. மாலையில் போன் வந்தது, அவளுக்கு. என் போனைப் பிடுங்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள்.

இவரிடம், "நீங்க சொன்ன மாதிரி சும்மா இருந்திருந்தா?" என்று கேட்டேன். "சரிதாம்மா, நீதான் பெரிய மெக்கானிக்" என்றார். இன்றைக்கு நான் ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 14

முன்பெஞ்சில் ஒருத்திக்குப் பிறந்தநாள். இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். புதுச் சட்டை, கடையில் ஒரு மணி நேரம் நின்று எடுத்தோம்.

"கண்டக்டரம்மா பொண்ணு வர்றாளா?"

"அவளை யாரும் கூப்பிடலை."

"ஓ."

சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். அந்த "ஓ"வுக்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

கண்டக்டரம்மா கிளினிக்குக்கு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல், காப்பாற்ற முடியாத நிலை, பிடுங்கத்தான் வேண்டும். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "தூக்கமே இல்லைம்மா. பல்லு ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம்" என்றார்.

"பொண்ணுக்கு என்ன?"

"ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா. காலைல வயித்த வலிங்குறா. அவ பேசுறதை ஒருத்தி அப்படியே நடிச்சுக் காட்டுறாளாம். 'அம்மா பஸ்ஸாவது ஸ்டார்ட் ஆகும், இவ ஆக மாட்டா'ன்னு சொன்னாளாம். வகுப்பே சிரிக்குதாம். யாருடின்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறா." பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, உங்க பொண்ணாவது அவளுக்குத் துணையா இருக்கா."

அம்மா பஸ்ஸாவது. அப்பா லிஃப்ட்டாவது. எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பிறந்த நையாண்டி அது.

டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகட்டும் என்று பக்கத்து அறைக்குப் போனார். நாங்கள் இரண்டு பேர்தான். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அது என் பொண்ணுதான்" என்றேன்.

புரியவில்லை அவருக்கு. புருவத்தை உயர்த்தினார்.

"நடிச்சுக் காட்டுறது. என் பொண்ணுதான்."

எழுந்து உட்கார்ந்தார். என்னவோ சொல்ல வந்தார். உதடு மரத்துவிட்டது, "ஏ... ஏ..." என்று வந்து ஓரமாக எச்சில் வழிந்தது. மறுபடி முயன்றார், வரவில்லை. விட்டுவிட்டார். நான் பஞ்சை நீட்டினேன். வாங்கவில்லை. யூனிபார்ம் கையிலேயே துடைத்துக்கொண்டார். கண்ணையும் அதிலேயே.

டாக்டரம்மா வந்தார். விளக்கைத் திருப்பினேன், கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். பல் வந்துவிட்டது. முழு நேரமும் அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது வாயில் பஞ்சு. பேச முடியாது.

அவர் பேச முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னேனா நான்? தானாக அமைந்தது என்றுதான் வீடு வரும்வரை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். இல்லை. ஊசி போடும்வரை காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 28

சில்வண்டுவை உட்கார வைத்துக் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"நீதானேம்மா சொன்ன?"

"டீச்சரை நடிச்சுக் காட்டச் சொன்னேன். அவளையாடி சொன்னேன்?"

"டீச்சரை எத்தனை தடவைம்மா செய்ய முடியும்? 'வேற, வேற'ன்னு கேக்குறாங்க. எல்லா டீச்சரும் முடிஞ்சுபோச்சு. வேற இல்லைன்னா எழுந்து போயிடுறாங்க."

"போனாப் போகட்டுமே!"

கத்திவிட்டேன். அவளும் கத்தினாள். "போனா நான் எங்க போறது? மறுபடியும் டாய்லெட்ல உட்கார்ந்து சாப்பிடச் சொல்றியா?"

எங்கயோ என்றாளே ஜூனில்.

என் கை ஓங்கியபடி அப்படியே நின்றுவிட்டது. அவள் அழவில்லை. நான்தான்.

ஆகஸ்ட் 29

மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "சரி" என்றாள், வீட்டுப்பாடத்துக்குச் சொல்வது மாதிரி. மாலையில், "கேட்டேன்" என்றாள். "அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன். "சொல்ல ஆரம்பிச்சா. மணி அடிச்சுடுச்சு, நான் வந்துட்டேன்."

காத்திருக்கவில்லை.

செப்டம்பர் 4

தையல் பிரிக்கும் நாள். கண்டக்டரம்மா வரவில்லை. டாக்டரம்மா போன் செய்யச் சொன்னார். வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். என் குரல் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 11

கண்டக்டரம்மாவின் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் கேட்டுக்கொண்டாராம். சில்வண்டு செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், மழை வருது என்று சொல்வது போல.

அவளைத் திட்ட வாயெடுத்தேன். எந்த வாயால் திட்ட?

அக்டோபர் 20

இவர் கேட்டார், "வண்டு, அப்பா மாதிரி செஞ்சு காட்டு." "மறந்துபோச்சுப்பா" என்றாள். பள்ளியிலும் இப்போது எதுவும் செய்வதில்லையாம். தேவைப்படவில்லை, சேர்த்துக்கொண்டாகிவிட்டது. முன்பெஞ்சில் இடம் கிடைத்துவிட்டது. நாளெல்லாம் போன், ஜடை ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி. என்னிடம் மட்டும் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் பதில், கேட்காவிட்டால் இல்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று இவர் சொல்லிவிட்டால்கூடத் தேவலை. சொல்லவும் மாட்டேன் என்கிறார்.

டிசம்பர் 7, சனி

பெற்றோர் கூட்டம். சில்வண்டுவும் கூட வந்தாள்.

கணக்கு டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். இந்த முறை பெயர் நன்றாக ஞாபகம் இருந்தது. "ஜூன்ல நீங்க அழாத குறையா வந்து நின்னது கண்ணுலயே இருக்கு. இப்பப் பாருங்க, வகுப்பே உங்க பொண்ணைச் சுத்திதான். இவ்வளவு சீக்கிரம் யாரும் பழகினதில்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருஷம் ஆறாவதுக்கு வர்ற பிள்ளைங்களோட பெத்தவங்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறோம். நீங்க வந்து பேசணும். பிள்ளைக்கு எப்படித் தைரியம் சொன்னீங்க, வீட்டுல என்ன செஞ்சீங்க, உங்க அனுபவத்தைச் சொன்னா போதும்."

பக்கத்தில் சில்வண்டு அசையவில்லை.

"எனக்கு வராதுங்க" என்றேன்.

"அட, ரெண்டு வார்த்தைதானே?"

"வராதுங்க."

பள்ளி வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். கூட்டம். எந்த பஸ் வந்தாலும் கண்டக்டர் யாரென்று முதலில் பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆண்தான். ஏறினோம்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ இன்னும் தனியாத்தான் சாப்பிடுறா."

யாரென்று நான் கேட்கவில்லை. "நீ போய்ப் பக்கத்துல உட்காரலாமே?" என்றேன். இதுவும் ஒரு யோசனை, என் யோசனை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"உட்கார்ந்தேன்மா" என்றாள். "ரெண்டு நாள். டப்பாவை மூடிக்கிட்டு எழுந்து போயிட்டா."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அவள் தலை என் தோளில் சாய்ந்தது, தூங்கிவிட்டாளா இல்லையா தெரியவில்லை. திங்கட்கிழமை மறுபடி போவாயா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவளே முடிவு செய்யட்டும்.