நாற்காலிக்கு அளந்த நூல்

என் தங்கத்துக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேள். பாப்பா நடக்கப் பழகியபோது முழங்கால் உயரம் அளந்து நூல் அனுப்பினாயே, அந்த அளவுக்குப் பட்டறையில் மிஞ்சிய சதுரக் குழாயில் நாற்காலி செய்தேன். மணல் அடைத்து, சூடாக்கி, மூலை நசுங்காமல் வளைக்கவே பல ஞாயிறுகள் ஆயின. நேற்று முடித்துவிட்டு உன் கடிதத்தைப் பிரித்தால், போட்டோவில் அவள் கதவுத் தாழ்ப்பாளைப் பிடிக்கும் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறாள்.

முதலாளி எட்டிப் பார்த்து, "விடுப்பா, அவ பொம்மைக்கு ஆச்சு" என்றார். நானும் சிரித்துவைத்தேன். வளைத்த குழாயை நிமிர்த்தினால் விரிசல் விடும்.

புது நூல் அனுப்பு. வளர்கிற பிள்ளைக்குத் துணி விட்டுத் தைப்பதுபோல் கொஞ்சம் நீளமாகவே வெட்டு. நான் வரும்வரை போதவேண்டும்.

பட்டறைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன்னவன்